ஏழு நிமிடம் நாற்பது விநாடி

நான் நெருங்கிப் பழகிய ஒரே இசையமைப்பாளர் சத்தமே போடாதவர். பாரிஸின் லா சப்பலில் நான் இருந்த கட்டடத்தின் ஆறாம் மாடியில், என் அறைக்கு எதிர் அறைக்குக் குடிவந்தார். மூன்று கிழமை வரைக்கும் அவர் என்ன வேலை செய்கிறார் என்றே எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனுடன், ஒரு மின்சாரக் கீபோர்ட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். விரல்கள் ஓடும், தலை ஆடும், அறையில் இசை என்று ஒரு துளியும் கேட்காது. கட்டைகள் அமுங்குகிற டக் டக் மட்டும் வரும். இடைக்கிடை கழுத்தில் தொங்கிய ஸ்டொப் வோச்சை அமத்திப் பார்த்து ஏதோ எழுதுவார். பாவம், வேலை போய் மனம் குழம்பிய தட்டெழுத்தாளராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஜப்பான்காரர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் எங்காவது வந்துவிட்டால் கூச்சப்படுகிற மனிதர் அவர். எங்கள் ஆட்கள் ஜப்பான் மாஸ்டர் என்றார்கள், நானும் மாஸ்டர் என்றே கூப்பிட்டேன். அவருடைய பிரெஞ்சையும் என்னுடைய பிரெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. அதை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடம் பேசினோம். அவர் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் அந்த அரைகுறைப் பிரெஞ்சிலிருந்து நான் பொறுக்கிச் சேர்த்தது.

தோக்கியோவில் பதினெட்டு வருடம் தொலைக்காட்சிக்கும் படங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் இசை போட்டவர். ஜப்பானில் வரைந்து பாரிஸில் பிரெஞ்சு பேச வைக்கிற ஒரு கார்ட்டூன் தொடருக்காக, ஆறு மாத வேலை என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். பிரெஞ்சு வசனம் நீளமாம். பொம்மையின் வாய் மூடிய பிறகும் பேச்சு முடிவதில்லையாம். அந்த நீளத்துக்கு ஏற்ப இசையை வெட்டியும் ஒட்டியும் புதிதாக எழுதியும் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் மூன்று வருடமாக இழுபட்டது.

வேலை அப்படி என்பதால் எதற்கெடுத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "எத்தனை விநாடி?"

எங்கள் ஜன்னலுக்குக் கீழே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும். ஒரு வண்டி எங்கள் கட்டடத்தைத் தாண்ட பதினொரு விநாடி என்று அளந்து வைத்திருந்தார். நான் ஆறு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினால், கதவடியில் நின்று வோச்சைப் பார்ப்பார். மூட்டை அரிசியோடு ஏறிய நாளில் வழமையைவிட எவ்வளவு கூட என்று சொன்னார். மூட்டையில் ஒரு கை பிடிப்போம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நான் தமிழில் ஏசினேன், அவர் தலை குனிந்து நன்றி சொன்னார்.

அவருடைய முதல் வேலை ஏழு விநாடியாம். ஒரு படத்தில் நாய் ஒன்று தெருவைக் கடக்கிறது. அதற்கு இசை எழுத வேண்டியவருக்கு அன்று காய்ச்சல், இசைத்தாள் காவித் திரிந்த இவரை எழுதச் சொல்லிவிட்டார்கள். அந்த நாயைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதை சொல்வதுபோல இருக்கும். பிறகு ஒரு பெரிய இயக்குநருக்கு நாற்பது நிமிட இசை எழுதிக் கொடுத்தாராம். இயக்குநர் முப்பத்தெட்டு நிமிடத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். நானென்றால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். மாஸ்டர் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, மிச்ச இரண்டு நிமிடமும் சரியான இடத்தில் இருந்தது என்றார்.

லா சப்பலில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அறிமுகமான பலசரக்குக்கடைக்காரர் சிவராசா அண்ணை. எனக்கு எதிர் அறையில் ஒரு இசையமைப்பாளர் இருக்கிறார், படத்துக்கெல்லாம் இசை போட்டவர் என்று நான் அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு மாஸ்டர்தான் பிரதம விருந்தினர் என்று அடுத்த கிழமையே நோட்டீஸ் அடித்துவிட்டார். கோயில் கிடையாத காலம், விழா நடந்தது ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். புறநகரில் கார்ஜிலிருந்தும் திரான்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் நடுக்கதிரையில் மாஸ்டரை இருத்தினார்கள்.

சிவராசா அண்ணை ஒலிவாங்கியில் அவரைப் புகழ்ந்துவிட்டு, சபைக்குத் தெரியட்டும் என்று, இதுவரை எத்தனை பாட்டுக்கு இசையமைத்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். மாஸ்டர் யோசித்துவிட்டு, பாட்டு ஒன்றுமில்லை என்றார். நான் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பவும் கேட்டேன். ஒன்றுமில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் இசையமைப்பாளர் என்றால் பாட்டுத்தானே. பாட்டில்லாமல் ஒருவர் பதினெட்டு வருடம் படத்துக்கு என்ன இசை போட்டிருப்பார்? முன்வரிசையில் குசுகுசு கிளம்பியது. சிவராசா அண்ணை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"தம்பி, உவர் என்ன, கீபோர்ட் துடைக்கிற ஆளோ?" என்று ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

நிலைமையைச் சமாளிக்க, நாலு வார்த்தை பேசச் சொல்லி மாஸ்டரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தேன். எத்தனை விநாடி என்று கேட்டார். எனக்கு எரிச்சல், நாற்பது என்றேன். வோச்சை அமத்தினார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற இடத்துக்குத் தன்னைக் கூப்பிட்டதற்கு நன்றி என்றும், பொங்கல் வாசம் கதவு வரைக்கும் வருகிறது என்றும் பிரெஞ்சில் சொன்னார். சரியாக நாற்பதில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் ஒன்றேகால் மணித்தியாலம் பேசியிருந்தார்கள். பசியோடு இருந்த பிள்ளைகள்தான் முதலில் கை தட்டத் தொடங்கினார்கள், பிறகு மண்டபமே தட்டியது. அன்று எல்லோரிலும் பார்க்க நல்ல பேச்சு அவருடையதுதான் என்று ஊர் ஒப்புக்கொண்டது. இசையமைப்பாளர் என்று மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

உண்மையில் எனக்கும் சந்தேகம் பிடித்துவிட்டது. அடுத்த புதன்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், மூலைக் கபேயில் இருந்த தொலைக்காட்சியில் தன்னுடைய கார்ட்டூன் போகும் என்று மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்னப் பெட்டை ரயில் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருக்கிறாள். ரயில் வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவள் தேடுகிற ஆள் மட்டும் இறங்கவில்லை. கோப்பை கழுவுகிற வேலையில் கை வெந்தபோதும் அழாத ஆள் நான், கார்ட்டூன் பார்த்துக் கண் துடைத்தேன். முடிந்ததும் எப்படி என்று கேட்டார். நல்லாயிருந்தது, ஆனால் உங்கள் இசை எங்கே வந்தது, நான் கவனிக்கவில்லையே என்றேன்.

மாஸ்டர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கபேக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு விநாடி அந்தப் பெட்டைக்குப் பின்னால் இசை இருந்ததாம். கவனித்திருந்தால் தான் தோற்றதாம். தாளில் வரைந்த பொம்மைகள் மூச்சு விடாது, அந்த மூச்சைப் போடுவதுதான் தன் வேலை, மூச்சை யாராவது கவனிப்பார்களா என்று கேட்டார். அந்தத் தொடரின் ஆரம்பப் பாட்டை எடுத்துவிட்டுப் பிரெஞ்சுப் பாட்டொன்றைப் போட்டிருந்தார்கள், கடைசி எழுத்தோட்டத்தில் அவர் பெயர் வரும் முன்னரே விளம்பரம் வந்துவிட்டது. நான் கொதித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் கவனிக்காமல் போனதையே வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். இப்படியும் ஒரு பிறவி என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வேறு கவலை. என் மனைவி சறோ யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில் இருந்தாள். கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் நான் வெளிக்கிட்டவன். அகதி அட்டை கிடைத்து, அவளைக் கூப்பிட எழுதிப்போட்டு, விசாவும் வந்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் அவள் வரவேண்டும். வராவிட்டால் முதலிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டும், திரும்பக் கிடைக்குமா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். விசா வந்த சந்தோஷத்தில், அப்போது எல்லோரும் செய்வதுபோல, நானும் ஒரு கசெட்டில் குரல் பதிந்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு பக்கம் முழுக்க, முப்பது நிமிடம். நல்ல சுகம், நல்ல அறை, நல்ல சாப்பாடு, நிறையச் சிநேகிதர் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுபோலக் கத்தியிருந்தேன். மெத்ரோ வருகிற நேரமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிந்தேன்.

சறோவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் எழுதிய ஒரு பந்தி இன்றைக்கும் எனக்குப் பாடம்.

"உங்கடை குரல் கிணத்துக்குள்ளை இருந்து கேக்கிற மாதிரிக் கிடக்கு. நிறையச் சிநேகிதர் எண்டு சொல்லுறியள், ஒரு தும்மல் சத்தம்கூடப் பக்கத்திலை கேக்கேல்லை. இஞ்சை ஷெல் விழுந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க ஆக்கள் இருக்கினம். அங்கை ஆர் இருக்கினம்? எனக்குப் பயமாக் கிடக்கு. நான் வரேல்லை எண்டு கோவிக்காதையுங்கோ."

கடிதம் வந்து சேர்வதற்கே ஒரு மாதம் போய்விட்டது. அந்த நாட்களில் சாவகச்சேரிப் பக்கம் குண்டு விழுந்தது என்ற செய்தியும் வந்தது. யாருக்கு என்ன என்று தெரியவில்லை. நான் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தேன். மாஸ்டர் வந்து கதவோரம் தரையில் உட்கார்ந்தார். கழுத்தில் வோச் இல்லாமல் அவரைப் பார்த்தது அந்த இரண்டு நாளும்தான். அவள் வீட்டுப் பக்கம் சேதம் ஒன்றுமில்லை என்று சிவராசா அண்ணையின் கடைக்குத் தகவல் வந்த பிறகுதான் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கசெட் கதையைச் சொன்னேன். ஒத்திகையாகப் பதிந்த பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. ஹெட்போனைப் போட்டு மூன்று தரம் கேட்டார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் தாள் முழுக்க எண்கள் எழுதினார். பிறகு, இரண்டாவது நிமிடத்தில் பதினான்காம் விநாடியில் ஆறு விநாடி பேசாமல் இருக்கிறாய், அங்கே என்ன என்று கேட்டார். மெத்ரோ வந்திருக்கும் என்றேன். மெத்ரோ பதினொரு விநாடி என்றார். அவரிடம் மெத்ரோவை வைத்துப் பொய் சொல்ல முடியுமா? உண்மையைச் சொன்னேன். அந்த இடத்தில், தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு விழுங்கியிருந்தேன்.

"இந்த ஆறு விநாடி நல்லது," என்றார். "மற்றதெல்லாம் தேவைக்கு மேல்."

முப்பது நிமிடத்தில் நான் வாய் திறக்காத ஆறு விநாடிதான் நல்லதாம். கோபம் வந்தாலும், விசாவில் ஏழு கிழமைதான் மிச்சம் இருந்தது. சரி, திரும்பப் பதிவோம் என்றேன்.

ஒரு ஞாயிறு காலை அவருடைய அறையில் உட்கார்ந்தோம். தனக்குச் சொல்வதுபோலச் சொல் என்றார். உங்களுக்குத் தமிழ் விளங்காதே என்றேன். அது இன்னும் நல்லது என்றார். அறை சின்னது சறோ, கட்டிலிலிருந்து அடுப்புக்கு இரண்டு எட்டு, ஒரு சுண்டு அரிசி போட்டால் மிஞ்சுகிறது, அரைச் சுண்டு போட்டால் அடிப்பிடிக்கிறது என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு பொய் சொல்லக் கஷ்டமாக இருந்தது. மெத்ரோ வந்தபோது நிறுத்தப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினார். எதிர் அறையில் ஜப்பானிலிருந்து ஒரு பெரிய இசையமைப்பாளர் இருக்கிறார் என்று நான் பெருமையாக ஆரம்பித்ததும், ஜப்பான் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினார். என்னை எடுத்துவிடு என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தன்னைப் பற்றிய அந்தத் துண்டை அழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பதிய விட்டார்.

மொத்தம் ஏழு நிமிடம் நாற்பது விநாடி. அதற்கு இசை போடுகிறேன் என்று ஒன்பது நாள் எடுத்தார். ஸ்டூடியோவில் அவருக்காகக் காத்திருந்தார்கள், அவர் என் குரலை வைத்துக்கொண்டு அறையில் டக் டக் என்று அமத்திக்கொண்டிருந்தார். வயலின் எல்லாம் வரும், சறோ கேட்டுவிட்டு வாயைப் பிளப்பாள் என்று நான் கனவு கண்டேன். பத்தாம் நாள் போட்டுக் காட்டினார். என் குரல்தான் கேட்டது. காதைக் கிட்டக் கொண்டுபோனால், எங்கோ அடியில், மூன்று சுரம் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பேசுகிற இடத்தில் அதுவும் இல்லை, பேசாமல் விட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

எனக்கு அழுகை வராத குறை. ஒன்பது நாளுக்கு மூன்று சுரமா? கசெட்டைச் சிவராசா அண்ணையிடம் போட்டுக் காட்டினேன்.

"இதிலை எங்கையடாப்பா மியூசிக்? பேசாமல் ஒரு நல்ல சினிமாப் பாட்டை அடிச்சு அனுப்பு, பிள்ளை இரங்கி வருவாள்," என்றார்.

அப்படியே செய்திருப்பேன். ஆனால் அடுத்த நாள் காலை கொழும்புக்குப் போகிற ஆள் கடைக்கு வந்துவிட்டார், வேறு கசெட் பதிய நேரமில்லை. மாஸ்டருடையதைத்தான் கொடுத்தேன். பாழாய்ப்போன கவனிக்கக்கூடாத இசை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் கொடுத்தேன்.

விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சிவராசா அண்ணையின் கடைக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. சறோ ஒரே சொல்தான் சொன்னாளாம். "வாறன்."

வந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கசெட் இசை எப்படி என்று மெல்லக் கேட்டேன். எந்தக் கசெட், என்ன இசை என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்தே அதை எடுத்துப் போட்டு, நான் பேசாமல் விட்ட இடத்தில் காதை வைத்துக் கேள் என்றேன். கேட்டாள். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இது மியூசிக்கே? நான் நினைச்சன், பக்கத்து அறையிலை ஆரோ இருக்கினம் எண்டு. நீங்கள் கதைக்கேக்கை பேசாமல் இருந்துபோட்டு, நீங்கள் நிப்பாட்டினாப்பிறகு ஏதோ தங்கடை வேலையைச் செய்யினம் எண்டு. முதல் கசெட்டிலை ஒருத்தரும் இல்லை. இதிலை ஒரு ஆள் இருக்கு. அதுதான் வந்தனான்."

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கை கழுவாமலே எதிர்க் கதவைத் தட்டி, என் கந்தல் பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். சறோ வாசலில் வந்து நின்று, கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அவர் அவளிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். எந்த விநாடியில் அந்த ஆள் இருப்பது தெரிந்தது? நான் மொழிபெயர்த்தேன். சறோ யோசித்துவிட்டு, தொடக்கத்திலிருந்தே என்றாள். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மெத்ரோ முழுதாகப் போய் முடிந்தது. அன்றைக்கு அவர் அதை அளக்கவில்லை.

பிறகு ஒன்றரை வருடம் சறோ இரண்டு சுண்டு அரிசி போட்டாள். மூன்று பேருக்கும் அது சரியாக இருந்தது. மாஸ்டருக்கு உறைப்பு மட்டும் கடைசி வரை ஒத்துவரவில்லை. ஒரு வாய் குழம்புக்குப் பின் எத்தனை விநாடி நாக்கு எரிகிறது என்று அளந்து சொல்வார், சறோ அடுத்த நாள் அதைக் குறைக்கப் பார்ப்பாள். தோக்கியோவில் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று ஒரு வசந்தகாலத்தில் புறப்பட்டுப் போனார். கீபோர்ட்டை நானும் அவரும் ஆறு மாடியும் இறக்கினோம். இந்தமுறை அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

அடுத்த வருடம் ஒரு பொதி வந்தது. தேயிலைத் தகரப் பேணி ஒன்று, கூடவே பிரெஞ்சில் தட்டெழுதிய இரண்டு தாள். வேலை கொடுப்பவர்களுக்கு அனுப்புவதற்காகத் தயாரித்த, அவர் இதுவரை செய்த வேலைகளின் பட்டியல். கார்ட்டூன் தொடர்கள், படங்கள், தொலைக்காட்சி நாடகங்கள், துப்பறியும் தொடர் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு. முதல் வரியில் அந்த நாய், ஏழு விநாடி. கடைசி வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். குரல் ஒன்று, லா சப்பல், ஏழு நிமிடம் நாற்பது விநாடி, கேட்டவர்: ஒருவர். பெரிய பெரிய படங்களுக்குக்கூட எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர் எழுதவில்லை, இதற்கு மட்டும் எழுதியிருந்தார்.

சறோவுக்கு வாசித்துக் காட்டினேன். என் நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. அவள் பிழை பிடித்தாள்.

"ஒராளோ? ஆர் சொன்னது? அம்மா கேட்டவ, அக்கா கேட்டவ, அத்தான், அக்காவின்ரை மூண்டு பிள்ளையள், முன்வீட்டு ரீச்சர், அவவின்ரை மனிசன், கொழும்புத் தபாலிலை கசெட் கொண்டு வந்த தபால்காரர், தையல் தைக்கிற பிள்ளை. என்னோடை பதினொரு பேர். பட்டியல் பிழையெண்டு உடனை எழுதிப் போடுங்கோ."

அன்றைக்கே எழுதினேன். என் பிரெஞ்சுக்கு இரண்டு வரிதான் வந்தது. பதினொரு பேர் கேட்டார்கள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.